கொடுத்ததைப் பிடுங்க முடியுமா?



பட்டாளத்தில் சேர்ந்த அன்று பையனுக்கு இரண்டு கையும் இரண்டு காலும் நன்றாகவே இருந்தன. ஓட விட்டார்கள், நெஞ்சை அளந்தார்கள், கண்ணையும் காதையும் சோதித்தார்கள். தகுதியானவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ரயில் ஏற்றினார்கள். பத்து ஆண்டோ பதினைந்து ஆண்டோ கழித்து அவன் ஊர் திரும்பும்போது ஒரு கால் விளங்கவில்லை. அல்லது ஒரு காது கேட்கவில்லை. அல்லது மனம் பேதலித்துப் போயிருக்கிறது. 'இனி உன்னால் ஆகாது' என்று அனுப்பி வைத்த அதே ராணுவம், ஊன ஓய்வூதியம் என்ற பெயரில் மாதாமாதம் ஒரு தொகையைக் கொடுக்கிறது.

இந்தத் தொகையை நாளைக்கு அரசாங்கம் குறைக்க முடியுமா? அடியோடு நிறுத்திவிட முடியுமா?

ஏதோ டெல்லிக்காரர்களின் கேள்வி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் வீட்டுக் கேள்வி. குன்னம், வேப்பூர், அகரம்சீகூர், லெப்பைக்குடிக்காடு என்று இந்தப் பக்கமும், மாவட்ட எல்லையைத் தாண்டினால் செந்துறை என்று அந்தப் பக்கமும் மானாவாரி நிலத்தை நம்பிக் கிடக்கும் ஊர்கள் நம்முடையவை. பருத்தி பொய்த்தால் மக்காச்சோளம், மக்காச்சோளமும் பொய்த்தால் பிள்ளையை வெளியே அனுப்புவது என்பதுதான் இங்குள்ள கணக்கு. சிலர் வளைகுடாவுக்குப் போனார்கள். சிலர் திருச்சி ராணுவ ஆளெடுப்பு அலுவலகத்தின் வழியாகப் பட்டாளத்துக்குப் போனார்கள். போனவர்களில் உடம்பைத் தொலைத்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வந்து சேர்ந்த தபால்களில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் இல்லை என்பதே நமக்குப் பெரிய வேதனை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். ஓய்வூதியம் அரசாங்கம் போடும் பிச்சை அல்ல. 1971ஆம் ஆண்டு தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் மீண்டும் ஒருமுறை அழுத்திச் சொன்னது. அது ஊழியன் உழைத்துச் சம்பாதித்த உரிமை. ஆட்சியாளரின் மனம் குளிர்ந்தால் கிடைப்பதும் கோபம் வந்தால் நிற்பதுமான சன்மானம் அல்ல. சாதாரண ஓய்வூதியத்துக்கே இந்த நிலை என்றால், கையையும் காலையும் ஈடாக வைத்து வாங்கிய ஓய்வூதியத்தை என்னவென்று சொல்வது?

ஊன ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தெரியாமலேயே பல வீடுகளில் பணம் வந்துகொண்டிருக்கிறது. அல்லது வராமல் கிடக்கிறது. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. பார்த்த வேலைக்கான பகுதி ஒன்று. உடம்பில் ஏற்பட்ட ஊனத்துக்கான பகுதி மற்றொன்று. உடல்நலக் குறைவால் இடையிலேயே அனுப்பப்பட்டவருக்கு இத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமலேயே முதல் பகுதி உண்டு. இரண்டாவது பகுதி, ஊனம் 100 சதவீதமானால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறையக் குறைய இதுவும் குறையும். போர்க்களத்தில் பட்ட காயம் என்றால் கணக்கே வேறு. அது இதைவிடக் கூடுதல். சாதாரண ஊன ஓய்வூதியத்துக்கு அடிப்படை நிபந்தனை இரண்டு. ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்த ஊனம் ராணுவப் பணியால் உண்டானதாகவோ, பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும்.

இதில் ஒரு சலுகையும் இருக்கிறது. ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 1996 ஜனவரி 1 முதல் ஊன சதவீதத்தை மேல்நோக்கி முழுமைப்படுத்தும் முறை வந்தது. 50க்குக் குறைவாக இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை என்றால் 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் கொள்ள வேண்டும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீத ஊனத்துக்கு மாதம் 2,400 ரூபாய் வரும். முழுமைப்படுத்தினால் 6,000 ரூபாய். ஒரு குடும்பத்தின் அரிசி, பருப்பு, மருந்துச் செலவு இந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்று அரசாங்கம் பல ஆண்டுகள் அடம்பிடித்தது. 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, இரு சாராருக்கும் உண்டு என்றது. உங்கள் உறவினரின் பி.பி.ஓ.வில் இன்னும் 20, 30 என்றே எழுதியிருந்தால் அதை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

கொடுத்த பிறகு குறைக்கலாமா?

ஒரு காலத்தில் குறைத்தார்கள். ஊன ஓய்வூதியம் வாங்குபவரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு மருத்துவக் குழுவின் முன் வரச் சொல்வார்கள். ஊரில் இருந்து பஸ் ஏறி, ரயில் ஏறி, ராணுவ மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்து, காலைக் காட்டிவிட்டு வர வேண்டும். 'தேறிவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதும். 40 இருந்தது 30 ஆகும், 20 இருந்தது 15 ஆகும். 20க்குக் கீழே போனால் ஊனப் பகுதியே நின்றுவிடும். வெட்டிய கால் எங்கேனும் முளைக்குமா என்று கேட்க அந்த ஏழைச் சிப்பாய்க்கு நாவு எழாது.

ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று 2001 பிப்ரவரி 7 அன்று பாதுகாப்பு அமைச்சகம் பிறப்பித்த ஆணை இந்த அலைக்கழிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அவ்வப்போது கூப்பிட்டுப் பரிசோதிக்கும் முறை ஒழிக்கப்பட்டது. நிரந்தரமல்லாத ஊனம் என்றால் ஒரே ஒருமுறை மறுபரிசோதனை. அதில் சொல்லும் சதவீதம் ஆயுள் முழுவதற்கும் இறுதியானது. சம்பந்தப்பட்டவர் தாமாகவே கேட்டுக்கொண்டால் ஒழிய மறுபடி பரிசோதிக்க முடியாது. 2019 நவம்பரில் கமாண்டர் ராகேஷ் பாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த ஆணையைச் சுட்டிக்காட்டி, ஊன ஓய்வூதியத்தை ஐந்து ஆண்டு என்று சுருக்கியது செல்லாது, அது ஆயுளுக்கும் உரியது என்று தீர்ப்பளித்தது.

'தாமாகவே கேட்டுக்கொண்டால் ஒழிய' என்ற வார்த்தைகளை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். சதவீதத்தைக் கூட்டித் தருவார்கள் என்று எவரோ சொன்னதைக் கேட்டு மறுபரிசோதனைக்கு மனுப் போடும் முன்னால் பத்து முறை யோசியுங்கள். பரிசோதனை என்று வந்துவிட்டால் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

மருத்துவர்கள் ஒன்று சொல்ல, கணக்கு அதிகாரி வேறொன்று எழுதிய காலமும் உண்டு. நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அலகாபாத்தில் மேஜை முன் உட்கார்ந்து கொண்டு சதவீதத்தைக் கிள்ளி எறிந்தார்கள். 1993 ஜனவரியில் முன்னாள் சேப்பர் மொஹிந்தர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைக் கண்டித்தது. நேரில் பரிசோதித்த மருத்துவக் குழுவின் கருத்தை, மேல்மட்டத்தில் இன்னொரு மருத்துவக் குழு மறுபடி நேரில் பரிசோதிக்காமல், எந்த நிதி அதிகாரியும் மாற்ற முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். எழுதுகோல் பிடித்தவனெல்லாம் வைத்தியனாகிவிட முடியாது என்பதை நாட்டின் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது!

ஆக, முறையாக வழங்கப்பட்ட ஊன ஓய்வூதியத்தை நினைத்த மாத்திரத்தில் யாரும் தொட முடியாது. அதற்காக அது எந்த நிலையிலும் நிற்காது என்றும் நினைத்துவிடக் கூடாது. குற்றத்துக்காக ராணுவத்திலிருந்து டிஸ்மிஸ் செய்யப்பட்டவர் பொதுவாக ஓய்வூதியத்தை இழக்கிறார். பொய்ச் சான்று காட்டி வாங்கியது தெரிந்தால் போய்விடும். ஓய்வுக்குப் பிறகு கடும் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நிறுத்தி வைக்கவோ குறைக்கவோ அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஊரில் செக்யூரிட்டி வேலை கிடைத்துவிட்டது, பெட்டிக்கடை வைத்துவிட்டார் என்பதெல்லாம் ஊனப் பகுதியை நிறுத்தக் காரணங்கள் ஆகா. கடன்காரனும் கை வைக்க முடியாது; 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், கடனுக்காக ஓய்வூதியத்தை ஜப்தி செய்வதைத் தடுக்கிறது. வட்டிக்குக் கொடுத்துவிட்டு ஏ.டி.எம். கார்டையும் பென்ஷன் புத்தகத்தையும் பறித்து வைத்துக்கொள்ளும் ஆசாமிகள் நம் பகுதியிலும் உண்டு. அவர்கள் செய்வது பச்சையான சட்டவிரோதம் என்பதை உரத்த குரலிலேயே சொல்லுங்கள்.

பணம் திடீரென்று நின்றுபோனால் பதறாமல் முதலில் பார்க்க வேண்டியது உயிர்வாழ் சான்று. 2021க்குப் பிறகு ராணுவ ஓய்வூதியங்கள் படிப்படியாக 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்கு மாற்றப்பட்டன. ஆண்டுக்கு ஒருமுறை 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று பதிவு செய்யாவிட்டால் கணினி உங்களைப் பிணமாகவே கருதும். விரல் ரேகை தேய்ந்துபோன விவசாயிகளும், விரலே இல்லாத படைவீரர்களும் என்ன செய்வார்கள் என்று அதை வடிவமைத்தவர்கள் எந்த அளவுக்கு யோசித்தார்களோ! பொதுச் சேவை மையத்திலோ வங்கியிலோ சான்றைக் கொடுத்துவிட்டால், நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து வந்துவிடும். இது பறிப்பு அல்ல, தடங்கல்.

'தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடு' என்று பிடித்தம் செய்வது வேறு கதை. 2014 டிசம்பரில் ரஃபீக் மஸீஹ் வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வு பெற்றவர்களிடமும் கீழ்நிலை ஊழியர்களிடமும், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துவந்த தொகையிலும், இப்படிப் பிடித்தம் செய்யக் கூடாது என்று வரையறுத்தது. ஆனால் 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவரே என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே வங்கியில் நீட்டும் காகிதங்களில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கனவே போட்டிருந்தாலும், முன்னறிவிப்பு இல்லாமல் பிடித்தால் எதற்காக, எந்த ஆணைப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

உண்மையான பறிப்பு வாசலிலேயே நடக்கிறது

இதுவரை சொன்னது ஓய்வூதியம் கைக்கு வந்தவர்களைப் பற்றி. கைக்கே வராதவர்கள் கதைதான் நெஞ்சைச் சுடுகிறது. கொடுத்ததைப் பிடுங்கினால் கேள்வி வரும், வழக்கு வரும். கொடுக்காமலே விட்டால்? அதற்கு மருத்துவக் குழுவின் படிவத்தில் ஒரே ஒரு வரி போதும். 'ஊனம் பணியால் உண்டானதும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல.' இந்த ஒரு வரியில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்திருக்கிறது!

தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் கதையைக் கேளுங்கள். 1985இல் சேர்ந்தார். ஒன்பது ஆண்டு வேலை பார்த்த பின் வலிப்பு நோய் வந்தது. 20 சதவீத ஊனம் என்று சொல்லி 1994இல் அனுப்பினார்கள். நோய்க்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை, பிறவிக்கூறு என்று ஓய்வூதியத்தை மறுத்தார்கள். 2013 ஜூலை 2 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பணியில் சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லை என்றால், அவர் நல்ல உடல்நலத்தோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்றால் மருத்துவக் குழுதான் காரணத்தை எழுத வேண்டும். நிரூபிக்கும் சுமை சிப்பாயின் தலையில் இல்லை. இவையெல்லாம் நீதிமன்றம் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. 1982ஆம் ஆண்டின் விதிகளிலேயே அச்சிடப்பட்டிருந்தவை! அரசாங்கம் தான் எழுதிய விதியைத் தானே படிக்காமல் இருந்ததற்கு அந்த மனிதர் கொடுத்த விலை 19 ஆண்டுகள்.

அடுத்த ஆண்டு சுக்விந்தர் சிங் வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போனது உச்சநீதிமன்றம். ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், அந்த ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்றது. வேலைக்கு லாயக்கில்லாத அளவுக்கு ஊனம், ஆனால் ஓய்வூதியத்துக்கு லாயக்கில்லாத அளவுக்குச் சிறிய ஊனம் என்று ஒரே வாயால் சொல்ல முடியாதல்லவா?

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லா வழக்கும் சிப்பாயின் பக்கம் தீர்ப்பாகவில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டவருக்கு 2011இல் ஜுஜார் சிங் வழக்கில் மறுக்கப்பட்டது. பணிக்கும் விபத்துக்கும் தொடர்பு இல்லை என்பது காரணம். மனநோய் விஷயத்தில் 2019 அக்டோபரில் நர்சிங் யாதவ் வழக்கில், ஆளெடுக்கும்போது மனநோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி மறுத்தார்கள். அந்தத் தீர்ப்பை ஆயுதமாக்கிக் கொண்டு எத்தனையோ மனுக்களை அதிகாரிகள் தள்ளினார்கள். 2025 மே மாதத்தில் ராஜுமோன் வழக்கு வந்தது. ஒன்பது ஆண்டு வேலை பார்த்து மனச்சிதைவு நோயால் 1998இல் அனுப்பப்பட்டவர் அவர். மருத்துவக் குழு காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாத கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் அவருக்கு ஓய்வூதியம் வழங்கச் சொன்னது. 1998 எங்கே, 2025 எங்கே! மனம் பேதலித்த ஒரு மனிதரை 27 ஆண்டு கோர்ட்டுக்கு அலையவிட்ட அரசு, எந்த முகத்தோடு குடியரசு தினத்தில் படைவீரர்களுக்குச் சல்யூட் அடிக்கிறது?

வாசகர்களே, இந்தச் சிப்பாய்களை எதிர்த்து வழக்காடுவது பாகிஸ்தானோ சீனாவோ அல்ல. நம் வரிப்பணத்தில் வக்கீல் வைத்து நம் அரசாங்கமே வழக்காடுகிறது. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் ஓய்வூதியம் கொடு என்று சொன்னால் உயர்நீதிமன்றத்துக்கு ஓடுகிறது. அங்கேயும் தோற்றால் உச்சநீதிமன்றத்துக்கு ஓடுகிறது. 2015இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு, ஊன ஓய்வூதிய வழக்குகளில் இப்படி மேல்முறையீடு செய்வதைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. குழுவின் அறிக்கை வந்தது, பழக்கம் போகவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து 2025 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம், தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை எதிர்த்து மத்திய அரசு போட்ட சுமார் 300 மனுக்களை ஒரே தீர்ப்பில் தள்ளுபடி செய்தது. 300 மனு என்றால் 300 வீடு!

பேனா முனையில் வரும் வெட்டு

தனி ஒருவரின் ஓய்வூதியத்தைத் தொடுவது கடினம் என்று பார்த்தோம். மொத்தமாக விதியை மாற்றினால்? அதுவும் நடந்தது.

2015இல் ஏழாவது ஊதியக் குழு, சம்பளத்தில் சதவீதம் என்ற கணக்கை எடுத்துவிட்டு, படிநிலைக்கு ஏற்ற ஒரே தொகை என்று மாற்றச் சொன்னது. 100 சதவீத ஊனத்துக்கு அதிகாரிக்கு 27,000 ரூபாய், இடைநிலையில் இருப்பவருக்கு 17,000, சாதாரணச் சிப்பாய்க்கு 12,000. சிவில் ஊழியர்களுக்கு மட்டும் பழைய சதவீதக் கணக்கே தொடர்ந்தது. எல்லையில் காலை இழந்தவனுக்கு ஒரு தராசு, அலுவலகத்தில் இடறி விழுந்தவருக்கு வேறொரு தராசா என்று முன்னாள் படைவீரர்கள் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் முரண்பாடுகளை ஆராயும் குழுவுக்குப் போனது. 2017 மே 3 அன்று மத்திய அமைச்சரவை பின்வாங்கி, சதவீத முறையே தொடரும் என்று அறிவித்தது. புதிய முறையால் பழைய ஓய்வூதியர்களுக்கும் இனி வருபவர்களுக்கும் தொகை குறைந்திருக்கும் என்பதை அரசாங்கத்தின் அறிவிப்பே ஒப்புக்கொண்டது. இதைத் திரும்பப் பெற ஆண்டுக்குக் கூடுதலாக ஆன செலவு சுமார் 130 கோடி ரூபாய் என்றும் சொன்னார்கள். ஒரு தேசத்தின் பட்ஜெட்டில் 130 கோடி எந்த மூலைக்கு?

குரல் கொடுத்தால்தான் வெட்டு நிற்கும் என்பது அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. 1933 மார்ச்சில் அதிபர் ரூஸ்வெல்ட், பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி முன்னாள் படைவீரர்களின் உதவித்தொகைகளை வெட்டும் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் உலகப் போரில் உடம்பைத் தொலைத்தவர்களும் தப்பவில்லை. எதிர்ப்பு வலுத்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அவருடைய மறுப்பாணையையும் மீறி வெட்டில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. இன்று அந்த நாட்டில் ஒரு படைவீரரின் ஊன சதவீதம் 20 ஆண்டுகள் தொடர்ந்து ஒரே நிலையில் இருந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய அதற்குக் கீழே குறைக்க முடியாது. கொடுத்துவரும் தொகையைக் குறைக்க நினைத்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, மறுப்புச் சொல்ல 60 நாள் அவகாசம் தர வேண்டும். அமெரிக்காவின் போர்களை நாம் ஏற்பதில்லை; அந்த நாட்டு ஊனமுற்ற சிப்பாய்க்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு நம் நாட்டு ஊனமுற்ற சிப்பாய்க்கும் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

நம் நாட்டில் அடுத்த மாற்றம் 2023 செப்டம்பர் 21 அன்று வந்தது. புதிய தகுதி விதிகளும், மருத்துவர்களுக்கான புதிய வழிகாட்டியும் வெளியாயின. ஊனத்தோடு பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுபவர்களுக்கு 'குறைபாட்டு நிவாரணம்' என்று புதிய பெயர் வந்தது. சில நோய்களுக்கான மதிப்பீடு கடுமையாக்கப்பட்டிருக்கிறது என்று படைவீரர் சங்கங்கள் எதிர்த்தன. அந்தத் தேதிக்கு முன் ஓய்வு பெற்றவர்களை இது பாதிக்காது என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'புதுச் சட்டம் வந்துவிட்டது, உன் பென்ஷன் போய்விடும்' என்று யாராவது பழையவர்களைப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

இந்த மாற்றத்துக்கு முன்னால் தணிக்கைத் துறை ஒரு கணக்கைச் சொன்னது. 2015 முதல் 2020 வரை ஓய்வு பெற்ற அதிகாரிகளில் ஆண்டுக்கு 36 முதல் 40 சதவீதம் பேர் ஊன ஓய்வூதியம் பெற்றார்கள்; கீழ்நிலை வீரர்களில் 15 முதல் 18 சதவீதம் பேர்தான். குண்டுக்கு முன்னால் நிற்பவன் யார், அறையில் உட்கார்ந்து உத்தரவு போடுபவர் யார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதிகாரிகளுக்கு வராதா, வேலைப்பளுவால் வராதா என்று கேட்டால், வரலாம், மறுக்கவில்லை. ஆனால் மேலே நடக்கும் முறைகேட்டைத் தடுக்க என்று சொல்லி விதியை இறுக்கும்போது, முதலில் வெளியே தள்ளப்படுபவன் விதி தெரியாத, வக்கீல் தெரியாத, ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்த சிப்பாய்தான்.

அவனுக்கும் கீழே இப்போது இன்னொருவன் நிற்கிறான். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரனுக்கு ஓய்வூதியமே கிடையாது. பணியில் ஊனமடைந்தால் 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம் என்று ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். 22 வயதில் காலை இழந்தவன் எழுபது வயது வரை வாழ வேண்டாமா? விலைவாசி ஏறும்போதெல்லாம் ஓய்வூதியத்தோடு அகவிலைப்படி ஏறும். மொத்தமாக வாங்கிய லட்சங்கள் தங்கையின் கல்யாணத்திலும் வீட்டுக் கடனிலும் கரைந்துவிடும். பறிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி, கொடுக்காமலே விடுவது என்று நாம் சொன்னோமே, அதன் முழு வடிவம் இது.

இனி செய்ய வேண்டியது

பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., மருத்துவக் குழுவின் படிவம், மறுப்புக் கடிதம் எதுவாயினும் நகல் எடுத்து வையுங்கள். மருத்துவக் குழுவின் படிவம் கையில் இல்லை என்றால், அவர் இருந்த படைப்பிரிவின் ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். மதராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கு எழுத வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு; அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது. அதற்கும் மேல் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அங்கும் நீதி கிடைக்காவிட்டால் உயர்நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தாமதிக்காதீர்கள் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் விதிகள்படி, பணியை விட்டு 15 ஆண்டு கழித்துக் கோரிக்கை வைத்தால், அதற்குள் பதிவேடுகள் அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் சுமை சிப்பாயின் தலைக்கே வந்துவிடும். தர்சேம் சிங் என்பவர் 1983இல் அனுப்பப்பட்டு 1999இல்தான் நீதிமன்றத்துக்குப் போனார். உரிமை கிடைத்தது, ஆனால் 2008இல் உச்சநீதிமன்றம் நிலுவைத் தொகையை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்திவிட்டது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஒதுங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் ஊனமுற்றோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 'வீர் பரிவார் சஹாயதா' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் வழியாகச் சட்ட உதவி தர ஏற்பாடு செய்திருக்கிறது.

கணவர் இறந்துவிட்டார், இனி என்ன என்று உட்கார்ந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஊன ஓய்வூதியம் அவரோடு முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அவர் இறந்தது அதே பணிக்கால நோயாலோ காயத்தாலோ என்றால், உங்களுக்கு வர வேண்டியது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமான சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் அல்ல. 60 சதவீதமான சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். அவர் உயிரோடு இருந்தபோது வர வேண்டிய நிலுவையையும் வாரிசு என்ற முறையில் நீங்கள் கேட்கலாம். இறப்புச் சான்றில் மருத்துவர் எழுதியிருக்கும் காரணத்தை அவசியம் பாருங்கள்.

நம் கிளை நிர்வாகிகள் வரும் இரண்டு வாரங்களில் தத்தம் ஊர்களில் முன்னாள் படைவீரர் வீடுகளுக்கு, எந்தச் சமூகத்தவர் ஆனாலும் சரி, நேரில் போக வேண்டும். ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்லக் கல்லூரி படிக்கும் பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். குன்னம் சட்டமன்றத் தொகுதி சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. ஊன ஓய்வூதியத்தை எதிர்த்து வழக்காட மத்திய அரசு கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை மேல்முறையீடுகள் செய்தது, வக்கீல்களுக்கு எவ்வளவு கொடுத்தது, எத்தனையில் தோற்றது என்ற மூன்று கேள்விகளை மக்களவையில் எழுப்பும்படி சிதம்பரம் உறுப்பினருக்கு ஊர்தோறும் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்.